பாறையின் மறுபக்கம்

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரு விஜயநகரிலிருந்து நாங்கள் சிலர் மாதம் ஒரு மலை ஏறுவது வழக்கம். குண்டலுபேட்டைக்கு அப்பால் ஒரு மலையில்தான் அவரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, கழுத்தில் துண்டு, கையில் பெயிண்ட் டப்பா. உச்சிக்கு வழிகாட்ட, பாறைகளில் ஏற்கெனவே வெள்ளை அம்புகள் இருந்தன. அவர் எங்களோடு ஏறியபடியே, ஒவ்வொரு பாறையையும் சுற்றிப்போய் அதன் மறுபக்கத்தில் இன்னோர் அம்பு வரைந்தார்.

"என்னய்யா, மலைக்கே வெள்ளையடிக்கிறியா?" என்றார் எங்களில் ஒருவர்.

"முன்பக்கம் இருக்கறது என் தம்பி போட்டது சார். ஏறிக்கிட்டே போட்டான். ஏறுறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். இறங்கறப்போ பனி மூடிக்கிச்சு. அவன் போட்ட அம்பு அவனுக்கே தெரியல."

"அப்புறம்?"

"இன்னும் கிடைக்கல சார்."

டப்பாவோடு அடுத்த பாறைக்குப் பின்னால் போனார்.

உச்சிக்குக் கீழே சுனையருகே நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம், அவர் இறங்கிவிட்டார். சற்று நேரத்தில் எங்களையும் பனி மூடியது. ஈரம் காயாத அவருடைய அம்புகளைக் கையால் தடவித் தேடித்தான் இறங்கினோம். அடிவாரத்தில் அவர் மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் வந்துட்டோம். வாங்க, பஸ் போயிடும்" என்றேன்.

"நீங்க எல்லாரும் வந்துட்டீங்க சார். கிளம்புங்க. நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்."

பாதையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கையில் ஒட்டிய பெயிண்டை டர்பன்டைன் போட்டுத் தேய்த்தேன். அப்படியும் நகக்கண்ணில் அந்த வெள்ளை கொஞ்சம் தங்கிவிட்டது.