பராமரிப்புக் கட்டணமும் பகல் தூக்கமும்

போன திங்கட்கிழமை செல்வி போன் செய்தார். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் புதிதாகத் திறந்த ஒரு சைல்டுகேர் நிலையத்துக்கு அவர்தான் பிரின்சிபல்.

“சார், பிள்ளைங்க மத்தியானம் தூங்கவே மாட்டேங்குது. லாரி சத்தம் அப்படியே உள்ள வருது. அமைதியான ரூம்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னேன்தான். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். எந்தக் கட்டடத்தில் எங்கே எவ்வளவு சத்தம் கேட்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது. செல்வியின் நிலையத்தைக் கட்டும்போது பக்கத்துச் சாலை இன்னும் போடப்படவில்லை. இல்லாத சாலையின் சத்தத்தை எந்த மீட்டரால் அளப்பது? அதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. சாலை, சுவர், லாரி எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தால் சத்தமான இடத்தைச் சிவப்பாகவும், அமைதியான இடத்தைப் பச்சையாகவும் காட்டும். பின்பக்க அறை பச்சை. பிள்ளைகளை அங்கே தூங்க வையுங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மீட்டரை எடுத்துக்கொண்டு நானும் என் பார்ட்னர் ரஃபீக்கும் ஓடினோம். அளந்தோம். பச்சை அறை நல்ல சிவப்பு. இருபது பிள்ளைகள் மெத்தையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேடிக்கை. எனக்கு வெட்கம்.

டன்லப் ஸ்திரீட் ஆபீசுக்குத் திரும்பியதும் சாஃப்ட்வேர் கம்பெனியைக் கூப்பிட்டேன். ஒருவர் மிகுந்த மரியாதையோடு விளக்கினார். எதிரே வளைந்த சுவர் இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் சத்தத்தை எங்களிடமுள்ள வெர்ஷன் குறைத்துக் கணக்கிடுமாம். அவர்களே கண்டுபிடித்து, அவர்களே திருத்தி, சில மாதங்களுக்கு முன்பே மெயில் அனுப்பிவிட்டார்களாம். அப்போது செல்வியின் நிலையம் திறக்கக்கூட இல்லை.

பின்பக்க அறைக்கு எதிரே இருப்பது கார்ப்பார்க்கின் வளைந்த சுவர்.

எங்களுக்கு மெயில் வரவில்லையே என்றேன். சாஃப்ட்வேர் பராமரிப்புக் கட்டணம் கட்டுபவர்களுக்கு மட்டும்தான் அனுப்புவோம் என்றார். மரியாதை குறையவே இல்லை.

அந்த வருடாந்தரக் கட்டணத்தை நாங்கள் போன வருடம் நிறுத்தியிருந்தோம். காரணம் வலுவானது.

“மச்சான், இந்த வருஷம் அவங்களுக்கு எத்தனை தடவ கால் பண்ணோம்?” என்று அப்போது ரஃபீக் கேட்டான்.

இரண்டு தடவை. ஒன்று, பாஸ்வேர்டு மறந்துபோனதால். இன்னொன்று, கை தவறி நம்பரை அழுத்தியதால்.

“இதுக்கா வருஷா வருஷம் கட்டுறோம்? வேணாம் லா.”

நானும் தலையாட்டினேன். கட்டாவிட்டாலும் சாஃப்ட்வேர் வேலை செய்யும் என்றார்கள். செய்தது... தப்பாகச் செய்தது, அவ்வளவுதான்.

எங்கள் கணக்கே கோணல். அந்தக் கட்டணம் நாம் அவர்களைக் கூப்பிடுவதற்கு அல்ல — அவர்கள் தப்பு செய்தால் நம்மைக் கூப்பிடுவதற்கு. தன் தவறைச் சொல்ல ஒருவர் நம்மிடமே காசு கேட்பது நியாயமா? இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டே கட்டிவிட்டேன், விட்டுப்போன வருடத்துக்கும் சேர்த்து. கடிதம் எழுதுகிற, படம் வரைகிற சாஃப்ட்வேர் என்றால் தாராளமாகக் கட்டணத்தை நிறுத்துங்கள். நீங்கள் கையெழுத்துப் போடும் கணக்கை அது போடுகிறது என்றால், முனகிக்கொண்டாவது கட்டுங்கள்.

புதிய வெர்ஷனில் கணக்கை மறுபடி ஓட்டினோம். நடுவிலிருக்கும் கதை படிக்கும் அறைதான் பச்சை. மறுநாள் கலர் மேப்போடு போய் மன்னிப்புக் கேட்டேன். செல்வி மேப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கலர் எல்லாம் வேணாம் சார். அந்த ரூம்ல பிள்ளைங்களோட நீங்களும் ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்க.”

படுத்தேன். வேறு வழி? விளக்கை அணைத்தார்கள். லாரி கேட்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு அப்படியொரு நிம்மதி வந்ததில்லை. லேசாகக் கண்ணை மூடினேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள். செல்வி குனிந்து, கிசுகிசுப்பாகச் சொன்னார்:

“ரூம் ஓகே சார். நீங்க மட்டும் வெளிய போய்க் குறட்டை விடுங்க... பிள்ளைங்க முழிச்சிருச்சு.”