கந்தகம் கொளுத்திய தலைவர்

சுதந்திரம் வந்த ஆண்டு நான் மலாக்காவில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊரின் காஜா பெராங் பகுதியில் எங்கள் சங்கத்துக்கு ஒரு மண்டபம் இருந்தது. மண்டபத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். ஜாலான் பெண்டஹாராத் தெருவில் ஜவுளிக்கடைக்காரர். அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை என்பார்கள். தெரிந்தது எது என்பதைத்தான் கடைசிவரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மண்டபத்தில் நடக்கவிருந்த சுதந்திர விழா மேடைக்கு நீலத் திரை வேண்டும் என்றார். கடையில் நீலத் துணி இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைத் துணி கொடுத்தார். அதையே தியாகம் என்று இரண்டு கூட்டத்தில் பேசினார். என் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா, சோற்றுக்கு நீலம் ஏற்றும் சங்குப்பூவைக் கூடை கூடையாகப் பறித்துத் தந்தார். பெண்கள் ஆறு பேர் சாறெடுத்துத் துணியைத் தோய்த்து, காய்வதற்காக மேடையிலேயே கட்டினோம். அருமையான நீலம்.

மறுநாள் காலை தலைவர் ஒரு சட்டிக் கந்தகத்தோடு வந்தார். நாற்காலிகளில் மூட்டைப்பூச்சியாம். கதவுகளை அடைத்துக் கொளுத்தப் போகிறாராம்.

“ஐயா, துணி இன்னும் ஈரமா இருக்கு. கந்தகப் புகை ஈரத்துல பட்டா அமிலமாயிடும். கழட்டிட்டுக் கொளுத்துங்க.”

“புகை எப்படி டீச்சர் அமிலமாகும்? புகை புகைதான் லா. இதெல்லாம் உங்க புத்தகத்துலதான் நடக்கும்.”

பிற்பகலில் கதவைத் திறந்தோம். இருமி முடித்துப் பார்த்தால், நீலத்தைக் காணோம். திரை முழுக்க வெளிறிய ரோஜா நிறம். மூட்டைப்பூச்சிகள் மட்டும் நலமாக ஊர்ந்துகொண்டிருந்தன.

“யாரு துணிய மாத்துனது?” என்றார் தலைவர்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் வாத்தியார் புத்தி விடுமா? கந்தகம், கரி போன்ற அலோகங்கள் எரிந்து வரும் ஆக்சைடு நீரில் அமிலமாகும், அமிலம் பட்டால் சங்குப்பூ நீலம் ரோஜாவாகும். உலோக ஆக்சைடு அதற்கு நேரெதிர், காரம், சுண்ணாம்பு மாதிரி என்று விளக்கினேன். அங்கேதான் தவறு செய்தேன். அவர் காதில் கடைசியில் சொன்ன ‘சுண்ணாம்பு’ மட்டும் விழுந்தது.

சுவருக்கு அடிக்க வாசலில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டிருந்தார்கள், பீப்பாயே கொதித்துக்கொண்டிருந்தது. நான் ஓடிப் போய்த் தடுப்பதற்குள் வெள்ளையடிக்கும் மட்டையை அதில் முக்கித் திரையெங்கும் உதறிவிட்டார். காரம் பட்டால் சங்குப்பூச் சாயம் பச்சையாகும்; தெறித்த இடமெல்லாம் பச்சை. அவர் முழங்கையிலும் இரண்டு கொப்புளம்.

வேறு துணி கேட்டோம். “நல்லாத்தானே இருக்கு!” என்றார்.

விழாவன்று கல்வி இலாகா அதிகாரி ஒருவர் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது என்ன?” என்று என்னிடம் கேட்டார்.

“அலோக ஆக்சைடும் உலோக ஆக்சைடும் என்ன செய்யும்னு எங்க தலைவர் தன் கையாலேயே செஞ்சு காட்டியிருக்கார் சார்.”

அதிகாரி சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினார். தலைவர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். விழா முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து, நான் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னார். கடையில் சட்டம் போட்டு மாட்டவாம்.

அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.