கருணாகரனின் மப்ளர்

நீலகிரியில் எமரால்டு ஊருக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் கருணாகரன் ஹெட் கிளார்க். கேத்தியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். இருபத்தாறு வருட சர்வீசில் அவர் உருப்படியாகச் செய்த ஒரே வேலை சாவி வைத்திருந்ததுதான். பீரோ சாவி, ஸ்டோர் சாவி, கக்கூஸ் சாவிகூட அவர் இடுப்பில்தான் தொங்கும். அவசரத்துக்குப் போகிறவனும் அவர் எதிரில் கைகட்டி நிற்க வேண்டும். இலை எடை போடும் நானும் நின்றிருக்கிறேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

கம்ப்யூட்டர் வந்த பிறகு அவருக்கு இன்னொரு சாவி கிடைத்தது, பாஸ்வேர்டு. ஆபீசுக்கு ஒரே பிரிண்டர். அது அவருடைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தது. நெட்வொர்க் வழியாக மற்றவர்களும் பிரிண்ட் எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் பாஸ்வேர்டைக் கேட்கும்.

மற்றவர்கள் என்றால் கோகிலவாணி ஒருத்திதான். கொழுந்து பறிக்கும் சின்னம்மையின் மகள், அஞ்சல் வழியில் டிகிரி முடித்தவள். எங்கள் தொரை, அதாவது மேனேஜர், அவளை மூன்று மாதம் சோதனைக்கு ஆபீசில் உட்கார வைத்தார். சனிக்கிழமைதோறும் அடுத்த வார வேலைப் பட்டியலை அவள் தன் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் எடுத்துத் தர வேண்டும். முடியாவிட்டால் அம்மாவோடு கூடை சுமக்க வேண்டியதுதான். அவளுக்குக் கொடுத்ததோ ஓட்டைக் கம்ப்யூட்டர். விண்டோஸ் தாங்காது என்று குன்னூர்க்காரர் ஒருவர் அதில் லினக்ஸ் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

பட்டியல் தயாரானதும் கருணாகரன் எழுந்து வருவார். "ஏம்புள்ள, அந்தப் பக்கம் திரும்பு" என்பார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். இவர் கழுத்து மப்ளரை அவிழ்த்து, கீபோர்டை மூடி, கையை உள்ளே விட்டுத் தட்டுவார். கஜானாவைத் திறப்பதாக நினைப்பு. பாஸ்வேர்டு தப்பு என்று வரும். மறுபடி தட்டுவார், மறுபடியும் தப்பு.

"ஓசியில வந்த லினக்ஸு. இதெல்லாம் நமக்கு ஒத்து வராதுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பட்டியலைப் பென் டிரைவில் வாங்கி, தன் கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்துத் தொரையிடம் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றும் கூடவே சொல்லி வைப்பார்.

பிரிண்டருக்கென்று தனியாக ஒரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் போதும், உங்கள் பாஸ்வேர்டே வேண்டாம் என்று அவள் இரண்டு முறை கேட்டாள். அவருக்கு அதைப் போடத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயும் வராது. "அதுக்கு ரூல் இல்ல புள்ள" என்று முடித்துவிட்டார்.

கடைசிச் சனிக்கிழமை தொரையே வந்து அவள் பக்கத்தில் நின்றார். வெளியே மூடுபனி இறங்கி, மூன்று மணிக்கே விளக்குப் போட்டிருந்தோம்.

"இன்னைக்கும் இதுல இருந்து பேப்பர் வரலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார் தொரை.

கருணாகரன் உற்சாகமாக மப்ளரை அவிழ்த்தார். கோகிலவாணி திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

தப்பு என்று வந்தது. மறுபடியும் தப்பு.

"சார்" என்றாள் அவள், திரும்பாமலே. "தட்டுற சத்தம் எட்டுத் தடவ கேக்குது. திரையில நாலு புள்ளிதாங்க விழுகுது."

மற்ற நாள் வெளிச்சத்தில் தெரியாத கம்ப்யூட்டர் திரை, அன்று இருண்ட ஜன்னல் கண்ணாடியில் முழுசாகத் தெரிந்தது.

"என் பாஸ்வேர்ட எண்ணிப் பாத்தியா நீ?" கருணாகரனின் முகம் சிவந்தது.

"புள்ளியத்தாங்க எண்ணினேன். வலது பக்கத்து நம்பரத் தட்டுறீங்க போல. அந்த நம்பர் விழணும்னா நம்பர் லாக் லைட்டு எரியணும். இந்தக் கம்ப்யூட்டர ஆன் பண்ணுனா அது அணைஞ்சேதான் இருக்கும். நீங்க மூடிக்கிறதால அந்த லைட்டு தெரியறதில்லைங்க."

தொரை மப்ளரை இரண்டு விரலால் தூக்கினார். லைட் எரியவில்லை. நம்பர் லாக் பொத்தானை அவரே அமுக்கினார். "இப்பத் தட்டுங்க கருணாகரன்."

எட்டுப் புள்ளி விழுந்தது. எதிர் மேசையில் பிரிண்டர் முனகிக்கொண்டே காகிதத்தைத் தள்ளியது. மூன்று மாதமாக ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணள்ளிப் போடப் பார்த்தது லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை, இந்த மனிதரின் கம்பளித் துணி.

"அந்தத் தனி யூசர இப்பவே போட்டுக் குடுத்துருங்க" என்றார் தொரை.

கருணாகரன் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மவுசை இங்குமங்கும் நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் எழுந்துகொண்டார். அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

கோகிலவாணி அதில் உட்கார்ந்து பிரிண்டருக்குத் தனி யூசரும் புதுப் பாஸ்வேர்டும் போட்டாள். கீபோர்டை மூடவில்லை, யாரையும் திரும்பச் சொல்லவில்லை. கருணாகரன்தான் தானாகவே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.