புத்தகத்தில் வைத்த விரல்

என் மகள் பத்தாம் வகுப்புப் படித்த வருடம், எதிர்வீட்டுக்காரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறெரியும். நகைக்காகவோ புடவைக்காகவோ இல்லை. அவளுக்குத் தெலுங்கு எழுத்து தெரியும். எனக்குத் தெரியாது.

நான் திருத்தணிப் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு, பரீட்சை முடிந்த கையோடு கல்யாணமாகி ஆந்திரப் பக்கம் புத்தூருக்கு வந்தவள். இங்கே தமிழ்ப் பள்ளியும் இருந்தது. "வேலைன்னு போனா தெலுங்குதான் கேப்பாங்க" என்று கணவர் மகளைத் தெலுங்கில் சேர்த்தார். பிறகு அவர் டிரைவர் வேலைக்குக் குவைத் போய்விட்டார். கடையிலும் பஸ்ஸிலும் நான் தெலுங்கு பேசிவிடுவேன். போர்டைத்தான் படிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை தோறும் தெருமுனை டெலிபோன் பூத்துக்கு அவர் கூப்பிடுவார். ஒரு வாரம் சொன்னார்: "பாஸாச்சின்னா திருப்பதியில இண்டர் சேத்துடலாம். பெயிலாச்சின்னா தையல் கத்துக்கினு இருக்கட்டும். நான் வரசொல்ல மாப்ள பாத்துடலாம்." இங்கே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பைத்தான் இண்டர் என்பார்கள். பூத்தில் இருந்து வீடு வரும்வரை அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். எனக்கும் இப்படித்தானே பார்த்தார்கள்.

எதிர்வீட்டுக்காரி திருப்பதியில் டிகிரி முடித்தவள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், அப்போது குழந்தை இல்லை. பள்ளி விட்டதும் மகள் அங்கேதான் ஓடுவாள். எதிர்வீட்டுக்காரி புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒப்பிக்கச் சொல்வாள். முதலில் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்ட மகள், தசராவுக்குள் 'பின்னி' என்றாள். தெலுங்கில் அது சித்தி. எனக்குத் தங்கையே கிடையாது.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள், "ம்மா, பின்னி ரசத்துல கொஞ்சூண்டு வெல்லம் போடுவாங்க."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "நாளையில இருந்து அங்க போவாத. என்கிட்டயே ஒப்பிச்சிடு."

"உனுக்குத்தான் தெலுங்கு படிக்க வராதே?"

"ஏன் வராது? உன் புத்தகத்த பாத்துப் பாத்து எனக்கும் வந்துடுச்சி."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே பொய்யைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

தினமும் சாயங்காலம் சோஷியல் புத்தகத்தை மடியில் விரித்து, வரியின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போவேன். எல்லாம் வட்ட வட்டமாகத் தெரியும். கடைத்தெருத் தெலுங்கு போல அந்தப் பாடத் தெலுங்கு காதுக்கும் பிடிபடவில்லை. எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். தண்ணீர் மாதிரி சொன்னால் சரி. நடுவில் நின்றால் தப்பு. நின்றால், "திரும்பப் படி" என்பேன். நிற்காவிட்டால், "சரி, அடுத்தது" என்பேன். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்தால் குரலைக் கொஞ்சம் உயர்த்துவேன்.

பொதுத்தேர்வுக்கு முன்னால் வைக்கும் ப்ரீ ஃபைனலில் சோஷியலில் இருபத்தொன்பது. பாஸாக முப்பத்தைந்து வேண்டும். இரண்டு பாடங்களின் பதில்களை ஒன்றாகக் கலந்து, தடங்கல் இல்லாமல் எழுதியிருந்தாள். ஒரு மாதமாக என்னிடம் சொன்னதும் அப்படித்தான்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பேப்பரையே பார்த்துக்கொண்டு, "நீ கத்துக்கினன்னு நெனச்சேன்ம்மா" என்றாள். "நீ சரின்னதால மறுபடி பாக்கல."

அன்றே அவளை எதிர்வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்பாள், பதில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். தெருவின் அகலம் பத்து அடிதான்.

அவள் கேட்கவில்லை. "பரவாலேது அக்கா, இன்னும் டைம் கீது" என்று தன் தெலுங்கில் என் தமிழைக் கலந்து சொல்லிவிட்டு, மகளுக்குப் பாய் விரித்தாள். கேட்டிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். பரீட்சை முடியும்வரை என் வீட்டு வாசலில் உட்கார்ந்து புளி ஆய்ந்தபடி, அவர்கள் சிரிப்பது எதற்கென்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

ரிசல்ட் பேப்பரில் வரும் என்றார்கள். விடிந்ததும் நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தெலுங்குப் பேப்பர் வாங்கினேன். பாஸானவர்களின் ஹால்டிக்கெட் நம்பர்கள் பத்தி பத்தியாக இருந்தன. நம்பர் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மகளுடையதைக் கண்டுபிடித்து, கடைக்காரரிடம் பேனா வாங்கி வட்டம் போட்டேன். அந்தப் பேப்பரில் என்னால் படிக்க முடிந்த ஒரே விஷயம் அது. அது எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

எதிர்வீட்டுக்காரி துடைப்பத்தோடு தெருவில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, நம்பர் உந்தா? இருக்குதா?"

"இன்னும் பாக்கல. வீட்ல போய்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் உள்ளே போனேன்.

"கடையிலயே பாத்துட்டேன், பாஸு" என்றதும் மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். ஐந்து எண்ணுவதற்குள் விட்டுவிட்டு, பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு செருப்பில்லாமல் தெருவைத் தாண்டி ஓடினாள். அவள் குரல் எங்கள் சமையலறை வரை கேட்டது. "பின்னி, இங்க பாருங்க! அம்மா கடையிலயே வட்டம் போட்டுக்கினு வந்துட்டாங்க!"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எதிர்வீட்டுக்காரி சர்க்கரை டப்பாவோடு மகளுடன் உள்ளே வந்தாள். அந்தப் பேனா வட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டப்பாவை மகளிடம் கொடுத்து, "மொதல்ல உங்கம்மாக்கு" என்றாள்.

மகள் என் வாயில் சர்க்கரை போட்டாள். எங்கள் வீட்டு அலமாரியிலும் டப்பா நிறையச் சர்க்கரை இருந்தது. எடுக்க எனக்குத்தான் தோன்றவில்லை.