முகம் பார்க்கும் தூரம்

அளவற்ற அருளாளனைப் புகழ்ந்து தொடங்குகிறேன். எங்கள் உம்மா அவர்கள் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகின்றது. அன்னாரின் மறுமைக்காக இன்று கையேந்த வந்திருக்கும் உங்கள் அனைவரின் கையிலும் இந்த நினைவு மலர் இருக்கும். எங்கள் குடும்பத்தில் மலருக்குக் கட்டுரை எழுதும் அளவுக்குப் படித்தவன் நான் ஒருவன்தான். படிக்க வைத்தவர் இதை வாசிக்க இல்லை.

உம்மா சாய்ந்தமருதில், கடற்கரையை ஒட்டிய ஒரு சிறிய வீட்டில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. குர்ஆனைத் தடங்கலின்றி ஓதுவார். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். எங்கள் வழக்கப்படி வாப்பா மருதமுனையிலிருந்து உம்மாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். கடற்றொழில் செய்தார். நான் நடக்கப் பழகிய கொஞ்ச நாளில், கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில், வாப்பாவும் போனார், வீடும் போனது.

வாப்பாவின் ஜனாஸா, அவர் உடல், கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் பாடசாலைகளிலும் கிடத்தப்பட்டிருந்தவர்களின் முகத்துணியை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு உம்மா திரிந்தாராம். மாமா, அதாவது உம்மாவின் தம்பி, சொல்லித்தான் எனக்கு இது தெரியும். உம்மா அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. ஆனால் எந்த மையித்து வீட்டுக்குப் போனாலும் முகம் பார்க்காமல் திரும்ப மாட்டார். எவ்வளவு கூட்டம் நின்றாலும் ஒதுங்கி நின்று, முறை வரும் வரை காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் வருவார்.

அதன் பிறகு வீட்டுத் திட்டத்தில் கிடைத்த தொடர்மாடி வீட்டில், ஒரு தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு உம்மா என்னை வளர்த்தார். பெண்பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை, பெருநாள் உடுப்பு, தலையணை உறை என்று எது வந்தாலும் தைத்தார். மறுமணத்துக்குக் கேட்டு வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்.

உயர்தரப் பரீட்சை முடிவு வந்தபோதுதான் எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு பெரிய தீர்மானம் எடுக்க வேண்டி வந்தது. எந்தப் பல்கலைக்கழகத்தை விண்ணப்பத்தில் முதலாவதாகப் போடுவது?

எனக்கு மண்ணையும் நீரையும் பற்றிப் படிக்க ஆசை. நாவிதன்வெளிப் பக்கம் மாமா குத்தகைக்குச் செய்த வயலில் உப்புப் பூத்து, வெள்ளாமை கருகியதைப் பார்த்து வந்த ஆசை. அந்தப் படிப்பு மலைநாட்டில் இருந்த பல்கலைக்கழகத்தில் இருந்தது. காலையில் பஸ் ஏறிப் போய், பின்னேரம் அசர் தொழுகைக்கு வீடு திரும்பக்கூடிய தூரத்திலும் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே பொதுவான விஞ்ஞானப் பட்டம் படிக்கலாம்.

இதை வாசிக்கும் வேற்று ஊர் நண்பர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மக்கள் ஜனாஸாவை வைத்துக்கொண்டிருப்பதில்லை. அதிகாலை சுபஹில் ஒருவர் மௌத்தானால், அதாவது இறந்தால், நடுப்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கம். அதனால் பிள்ளையை வெளியூருக்குப் படிக்க அனுப்பும்போது எங்கள் தாய்மார் மைல் கணக்குப் பார்ப்பதில்லை. அடக்கத்துக்கு முன் வந்து சேருவானா என்றுதான் பார்ப்பார்கள். வாயால் சொல்ல மாட்டார்கள். உம்மா சொன்னார்.

"பக்கத்தப் போடு மனே. வாப்பாட முகத்த நான் பாக்கல்ல. என்ட முகத்தயாவது நீ பாக்கணும்."

"என்ன உம்மா கத இது? உங்களுக்கு என்ன வயசு போயிட்டு?"

"மௌத்துக்கு வயசு தெரியுமா? கடல் என்ன, கேட்டுக்கிட்டா வந்த?"

பக்கத்தையே போடுவதென்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் விசாரிக்காமல் எதையும் முடிவு செய்பவரல்ல உம்மா.

எங்கள் ஊரில் பெண் கொடுக்கும் முன், மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் விசாரிக்க மாட்டார்கள். அவர் வீட்டுக்கு எதிரிலுள்ள கடையில் விசாரிப்பார்கள். அவர் தொழுகிற பள்ளியில் விசாரிப்பார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தையும் உம்மா அப்படித்தான் விசாரித்தார். என்னையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு போய், வாசலுக்கு எதிரிலிருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தார்.

மாமாவுக்குச் சிரிப்பு. "என்ன ராத்தா, கெம்பஸுக்குப் பொண்ணு குடுக்கப் போற மாதிரி வந்து குந்தியிரிக்கியள்?"

"பொண்ணு இரிந்தாத்தானே குடுக்க. இரிக்கிற ஒண்டத்தான் குடுக்கப் போறன். நீ சும்மா தேத்தண்ணியக் குடி."

கடைக்காரப் பெண்மணி மனம் திறந்து கதைத்தார். "நல்ல கெம்பஸ் ராத்தா. படிப்பிக்கிற ஆக்களும் தங்கமானவங்க. ஒரு குறையும் செல்லேலா."

உம்மாவின் முகம் மலர்ந்தது. அந்த நேரம் எங்கள் தெருப் பையன் ஒருவன் கடைக்குள் வந்தான். உம்மாவைக் கண்டதும் சலாம் சொன்னான். அவன் தேநீருக்குச் சொல்லி முடிக்கவில்லை, கைத்தொலைபேசி அடித்தது. கேட்டுவிட்டு ஹெல்மட்டை எடுத்தான்.

"எங்க மகன் ஓடுறாய்? பாடம் இல்லயா?" என்று உம்மா கேட்டார்.

"இரிக்கி மாமி. வீட்ட கேஸ் சிலிண்டர் முடிஞ்சாம். உம்மா சோத்த அடுப்புல வச்சிட்டு நிக்கிறாவாம்."

"அப்ப பாடம்?"

"கூட்டாளிட நோட்ஸப் பாத்துக்கலாம். நேத்தும் வரல்ல, ராத்தாட மகனுக்கு சுன்னத்துக் கலியாணம். நாளைக்குப் பெரியப்பாவ கிளினிக்குக் கூட்டிப் போகணும்."

அவன் போன பிறகு கடைக்காரப் பெண்மணி சிரித்தார். "கிட்டத்துப் புள்ளயள் எல்லாம் இப்பிடித்தான் ராத்தா. கோல் வந்தா பறந்திருவாங்க. தூரத்துல இரிந்து வந்த புள்ளயள் லைப்ரரி மூடுமட்டும் உள்ளதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உம்மா, காரைதீவுச் சந்தி தாண்டிய பிறகு மாமாவிடம் சொன்னார்.

"கெம்பஸ்ல பிழ இல்ல தம்பி. நாமதான் பிழ. கேஸ் முடிஞ்சா நானும் இவனுக்குத்தான் கோல் எடுப்பன்."

"எடுக்காம இரிங்களன்."

"என்னால ஏலுமா? என்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து, தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "தூரத்தையே முதலாவதாப் போடு."

"அப்ப முகம்?" என்று கேட்டேன்.

"அத நான் பாத்துக்கிறன்."

போகிற நாளன்று கல்முனை பஸ் நிலையத்துக்கு உம்மாவும் வந்தார். பஸ் புறப்படும் நேரம், ஒரு கடையின் விளக்கு வெளிச்சத்தில் போய் நின்று, நெற்றிக்கு இறங்கியிருந்த முக்காட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினார்.

"நல்லாப் பாத்துக்க."

"என்னத்த உம்மா?"

"என்ட முகத்தத்தான். பாத்துட்டியா?"

"ஓம்."

"வடிவாப் பாத்தியா?"

"ஓம் உம்மா, ஓம்."

"அப்ப போ. பிஸ்மி செல்லி ஏறு."

கண்டக்டர் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன உம்மா, மகன் சவூதிக்கா போறார்? கண்டிக்குத்தானே!" என்று பகிடி விட்டார். உம்மாவும் சிரித்தார். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறை முடிவிலும் அதே கடை வெளிச்சத்தில் அதையே செய்தார். மற்றப் பையன்களின் முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

தூரத்துக்குப் போய்விட்டால் மட்டும் படித்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் வருடம் கிழக்கு மாகாணப் பையன்கள் நால்வர் ஓர் அறையில் இருந்தோம். ஒன்றாகச் சமைத்தோம், ஒன்றாக வகுப்புக்குப் போனோம், பின்வரிசையில் ஒன்றாக உட்கார்ந்தோம். சிங்களம் தெரியாது, ஆங்கிலம் கதைக்கப் பயம். உம்மா தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்று கேட்பது குறைவு. "இண்டைக்குப் புதிசா யாரோட கதைச்சாய்?" என்றுதான் கேட்பார். பெரும்பாலும் அறைப் பையன்களின் பெயர்களையே மறுபடி சொல்வேன்.

ஒரு நாள் உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாய்ந்தமருதயே அங்க கொண்டு போய் வச்சிக்கிட்டு இரிக்கிறாய் போல! அதுக்கு இங்கயே இரிந்திரிக்கலாமே. கேஸாவது மாத்தித் தந்திரிப்பாய்."

அடுத்த வகுப்பில் முன்வரிசைக்குப் போனேன். பக்கத்தில் இருந்தவன் நுவன். மலைநாட்டு மரக்கறித் தோட்டக்காரரின் மகன். அவன் எனக்குச் சிங்களம் சொல்லித் தந்தான். நான் அவனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். விளங்காததை விரிவுரையாளரின் அறைக்கே போய்க் கேட்கும் பழக்கம் அவனிடமிருந்து எனக்கு வந்தது. வயல் மண்ணில் உப்பு எப்படி ஏறுகிறது, எப்படி இறக்குவது என்பதே பின்னாளில் என் ஆய்வாயிற்று. மாமாவின் வயல் மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு போய்ச் சோதித்தேன்.

ஒரு விடுமுறையில் நுவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். மொழி சரியாகத் தெரியாமலே உம்மாவும் அவனும் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். திரும்பும்போது பஸ் நிலையத்தில் உம்மா முக்காட்டைத் தள்ளி நின்றார். என்ன செய்கிறார் என்று நுவன் கேட்டான். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. குனிந்து நன்றாகப் பார்த்தான்.

உம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது எனக்குத் தெரியும். அது சிறுநீரகத்துக்கு ஏறியதும், மாமா அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு திரிந்ததும் எனக்குத் தெரியாது. சொல்லக் கூடாதென்று மாமாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வீடியோ அழைப்பில் முகத்தை மட்டும் காட்டுவார். வீங்கிய கால்கள் கீழே இருந்தன. கன்னம் ஊதியிருப்பதைக் கண்டு ஒரு நாள் கேட்டேன். "கொழுத்திட்டன் மனே. பக்கத்து வீட்டு மாமி புரியாணி தந்து தந்து கெடுக்கிறா" என்றார். மாமியும் பின்னால் நின்று தலையை ஆட்டினார்.

அன்று காலை, இறுதி வருட ஆய்வுக்காக நானும் நுவனும் ஆய்வுகூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது மாமா அழைத்தார். "மருமோன்… ராத்தா…" என்றதோடு அவரால் முடியவில்லை. சுபஹ் நேரத்தில் உம்மா வபாத்தாகியிருந்தார்.

நுவன் தன் பெரியப்பாவின் மரக்கறி லொறியைக் கேட்டு வாங்கினான். பஸ்ஸுக்கு நின்றால் நேரம் போய்விடும் என்று அவனே ஓட்டினான். மழை. மகியங்கனை இறக்கத்தின் வளைவுகளில் மரம் விழுந்து பாதை அடைபட்டிருந்தது. மரத்தை வெட்டி அகற்றும் வரை வாகனங்கள் வரிசையில் நின்றன. நாங்களும் நின்றோம். லுஹர் நெருங்கிக்கொண்டிருந்தது.

மாமா மறுபடி அழைத்தார். "பள்ளியால அடக்கத்த அசருக்கு வைப்பமா எண்டு கேக்கிறாங்க மருமோன். ஆனா ராத்தாட சொல் ஒண்டு இரிக்கி. 'அவன் வாறான் எண்டு என்ன வச்சிக்கிட்டு இரிக்காதீங்க. வழியில அவசரப்பட்டு ஓடி வருவான்' எண்டு சென்னவ. நான் என்ன செய்ய?"

எனக்கு முன்னால் வரிசையில் நின்ற வாகனங்களைப் பார்த்தேன். "அடக்குங்க மாமா" என்றேன்.

"முகத்தக் காட்டட்டா? வீடியோல பாக்கிறியா?"

ஓம் என்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. மலையில் மறுபடி கிடைக்கவில்லை. நுவன் தன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கி, வளைவின் விளிம்பு வரை போய் உயர்த்திப் பிடித்துப் பார்த்தான். அங்கும் கிடைக்கவில்லை.

நாங்கள் உம்மாவை அடக்கிய மையவாடிக்கு வந்தபோது அசரும் முடிந்திருந்தது. மணல் ஈரமாக இருந்தது. மகன் இறங்கியிருக்க வேண்டிய கபுருக்குள் மாமா இறங்கி, தன் ராத்தாவைக் கிடத்தியிருந்தார். அவரது சாரனில் மண் ஒட்டியிருந்தது. நுவன் உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். "வா மகன், உள்ள வா. நீயும் அவட புள்ளதான்" என்று மாமாதான் கூப்பிட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். உம்மாவைக் கடைசி வரை பார்த்த மருத்துவர்களும் தாதியரும், குளிப்பாட்டிக் கபனிட்ட தாய்மாரும், கபுர் வெட்டியவர்களும், எனக்காகக் காத்திருக்கத் தயாராக நின்ற பள்ளி நிர்வாகத்தினரும் எங்கள் துஆவில் இருக்கிறார்கள். எனக்குப் பதிலாகக் கபுருக்குள் இறங்கிய மாமாவுக்கும், மலையிலிருந்து லொறி ஓட்டி வந்த நுவனுக்கும் நான் நன்றி சொன்னால் கோபிப்பார்கள்.

நான் பதில் சொல்ல வேண்டிய ஒருவரும் இருக்கிறார். பக்கத்து வீட்டு மாமியின் மகனுக்கு இம்முறை பரீட்சை முடிவு வந்திருக்கிறது. போன வாரம் இந்த ஓராண்டு நினைவுக் கத்தத்துக்குச் சாமான் எழுதிக்கொண்டிருந்தபோது மாமி வந்து உட்கார்ந்தார். "மகன், நீ படிச்ச புள்ள. உண்மையச் செல்லு. கிட்டத்தப் போடுறதா, தூரத்தப் போடுறதா? எனக்கு ஒண்டு எண்டா இவன் வந்து சேருவானா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார்.

மாமி, அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். வந்து சேராமல் போகலாம். அது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருடம் ஆகியும் குறையவில்லை. ஆனாலும் அவன் படிக்க விரும்பும் படிப்பு தூரத்தில் இருந்தால், தூரத்தையே முதலாவதாகப் போடச் சொல்லுங்கள். கேஸ் முடிந்தால் எனக்கு அழையுங்கள், நான் மாற்றித் தருகிறேன். அவன் புறப்படும் நாளில் நீங்களும் பஸ் நிலையத்துக்குப் போங்கள். வெளிச்சத்தில் நின்று, முக்காட்டைச் சற்றுத் தள்ளி, முகத்தைக் காட்டுங்கள். அவன் வெட்கப்படுவான். நன்றாகப் பார்க்கும் வரை பஸ்ஸில் ஏற விடாதீர்கள்.