இஞ்சின் இல்லாமல் இறக்கின விண்ணோடம்

இஞ்சின் இல்லாத விமானத்தை இறக்கிப் பாக்கிறது ஒரு தொழிலெண்டால், அதில சம்பளம் ஏச்சு மட்டும்தான். விஞ்ஞானக் கண்காட்சிக்கெண்டு எதையாவது செய்து வாத்திமாரிட்ட வாங்கிக் கட்டின சனங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன்.

ஒன்பதாம் ஆண்டு எரிமலை

விண்வெளிக்குப் போய்த் திரும்பி வாற ஓடம் இறங்கேக்க இஞ்சின் ஓடாது. அதை எப்பிடிப் பழகினவை தெரியுமோ? பெரிய விமானத்தின்ர முதுகில ஏத்திக்கொண்டுபோய், மேல வச்சுக் கழட்டி விட்டவை. ஒருக்காப் பிழை விட்டால் சுத்தி வந்து திரும்ப இறங்க ஏலாது. இதை லைப்ரரியில வாசிச்ச நாள் தொடக்கம் எனக்கு வேற கதையில்லை. ரீவிப் பெட்டிக்குள்ள வந்த வெள்ளை ரெஜிஃபோம் அட்டையில நான் ஓடத்தை வெட்டினன். கிண்ணியாவில இருந்து ஃபெரியில வாற என்ர வகுப்புப் பெடியன் ரிஸ்வி ஆளுயரப் பட்டம் கட்டினான். பட்டம் தூக்கும், ரெண்டாவது நூலை இழுத்தால் ஓடம் கழரும்.

பௌதிகவியல் சேர் மசியேல்லை. கண்காட்சியில, நிலத்தில கீறின கோட்டுக்குள்ள மூண்டு தரம் இறங்கினால் மாகாணப் போட்டிக்கு நாங்கள், இல்லாட்டி ஒன்பதாம் ஆண்டுப் பெடியள் செய்த எரிமலை எண்டார். சோடாப்பொடி நுரைக்கு விஞ்ஞானமெண்டு பேரோ எண்டு கேட்டன். அவர் ஆறுதலாக் கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுச் சொன்னார்: "பிள்ளை, இஞ்சின் இல்லாமல் மேல இருந்து வாறதுக்குத் தேங்காய் எண்டு பேர்."

கச்சான் காத்து

முதல் சோதனை உப்புவெளிக் கடற்கரையில. "இது கச்சான் காத்து, கரையில இருந்து கடலுக்கெல்லோ அடிக்குது" எண்டு ரிஸ்வி சொன்னவன். "எனக்குப் படிப்பிக்காத, ஏத்து" எண்டன். பட்டம் வடிவா ஏறிச்சுது, கடலுக்கு மேல. நூலை இழுத்தன். ஓடமும் வடிவா இறங்கிச்சுது, கடலுக்குள்ள.

கரைக்கு வந்துகொண்டிருந்த மீன்பிடிக்காரர் ஒருத்தர் அதை அள்ளிக்கொண்டுவந்து, சொட்டச் சொட்ட என்ர கையில தந்தார். நான் காத்துக்கு ஏசிக்கொண்டு நிண்டனான். "தங்கச்சி, அடுத்தமுறை விடேக்க ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, வள்ளத்தை அங்கயே நிப்பாட்டி வைக்கிறன்" எண்டார் அவர்.

சென்றி

திரும்பி வரேக்க ரோட்டில ஆமி சோதிக்கிற சென்றியில மறிச்சாங்கள். ஆமிக்காரர் ஓடத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். ஒண்டும் கேக்கேல்லை. பேசாமல் நிண்டிருந்தால் விட்டிருப்பார். நான்தான் "இது குண்டில்லை!" எண்டு கத்தினன். தமிழ் தெரியாத அவருக்கு அதில "குண்டு" மட்டும் விளங்கிப் போச்சுது.

பிறகென்ன, ஆறு பேர் வந்தினம். ஓடத்தின்ர செட்டைக்குள்ள கம்பியால குத்திப் பாத்தினம். ஓட்டைக்கு ஆர் பொறுப்பெண்டு நான் கேட்டன். ரிஸ்வி என்னை ஆரெண்டே தெரியாத மாதிரி வானத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான். முக்கால் மணித்தியாலம் போச்சுது. பின்னால வரிசை சந்திமட்டும். மீன் கூடையோட நிண்ட ஒரு அக்காவுக்குப் பொறுமை முடிஞ்சுது: "பிள்ளை, முதல்ல உன்ர வாய்க்கு ஒரு பாஸ் எடு."

மூண்டாவது இறக்கம்

கண்காட்சி நாளண்டு பட்டம் ஏத்த அதிபர் ஆமிக் காம்ப்பில அனுமதி வாங்கித் தந்தவர்: ஒரு பட்டம், ஒரு மணித்தியாலம். இந்தமுறை காத்தைப் பாத்து, மைதானத்தின்ர சரியான பக்கத்தில நிண்டம். முதல் ரெண்டு தரமும் கோட்டுக்குள்ள. மூண்டாவது ஏறேக்க நடுவர் என்னைப் பாத்து, "இது வெறும் பட்டம்தானே?" எண்டார். விடுவனோ? கையை வீசி வீசி விளங்கப்படுத்தினன். அந்தக் கையிலதான் நூல் இருந்தது.

ஓடம் கழண்டு, சத்தமில்லாமல், கோட்டுக்கு நடுவில வந்து இருந்திது. நடுவர் அப்பவும் என்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டார். "நான் பாக்கேல்லை, திரும்ப விடுங்கோ" எண்டார். வாசலில நிண்ட பொலிஸ்காரர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். நேரம் முடிஞ்சுது. ரிஸ்வி பட்டத்தை இறக்கத் தொடங்கிட்டான். எரிமலைப் பெடியள் சிரிச்சாங்கள். நான் மூச்சை இழுத்துக்கொண்டு நடுவரிட்டத் திரும்பினன். அதுக்குள்ள பௌதிகவியல் சேர் குறுக்க வந்திட்டார்: "நான் பாத்தனான், கோட்டுக்குள்ளதான். கெதியா எழுதுங்கோ, இவள் தொடங்க முந்தி."

மாகாணப் போட்டிக்குப் போறம்: பட்டமும் ரிஸ்வி, நூலும் ரிஸ்வி, கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறது மட்டும் நான்.