சயனைட் மேட்டு மண்ணும் சணப்பும்

செத்த பட்டுப்புழுவின் நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் ஆயுசுக்கும் போகாது. உடம்பு கறுத்துத் தொளதொளத்துக் கிடக்கும். தொட்டால் தோல் கிழிந்து நீர் வழியும். அந்த நீர் முழங்கை வரை வழிய, தட்டுத் தட்டாகக் கொண்டுபோய்க் குழியில் கொட்டினேன். குமட்டியது. என்னை நினைத்தால் அதைவிட அதிகமாகக் குமட்டியது. தூ, நானும் ஒரு அண்ணனா!

பேத்தமங்களாவில் என் தங்கைக்கு மல்பெரித் தோட்டம். புருஷன் போனபிறகு அந்த இலையும் புழுவும்தான் அவளுக்கும் மகளுக்கும் சோறு போட்டன. மண்தான் சரியில்லை. மழை பெய்தால் களியாக ஒட்டும், வெயில் அடித்தால் பாறையாக இறுகும். மல்பெரி வரிசைகளுக்கு நடுவே சணப்பு விதைத்து, மொட்டு விடும்போது அப்படியே மடக்கி உழப்போவதாகச் சொன்னாள். அது மக்கினால் மண் பொலபொலவென்று ஆகிவிடுமாம்.

நான் தங்கச் சுரங்கத்து ஊரிகம் லைன் வீட்டில் பிறந்து அங்கேயே நரைத்தவன். தெரியாத விஷயத்தில்தான் எனக்கு வாய் அதிகம்.

"செடிய வளத்து மண்ணுல பொதைக்கிறதா? இன்னா கூத்தும்மா இது? எங்க சயனைட் மேட்டு மண்ணு மாவாட்டம் கீது. ரெண்டு டிராக்டர் கொட்டிக் கலந்தா தீந்துது வேலை" என்றேன்.

"அது விஷம்னு சொல்றாங்களேண்ணா."

"இன்னா விஷம்? சின்ன வயசுல அதுலதான சறுக்கி வெளையாடினோம்? காத்தடிச்சா சோத்துல வுழும், ஊதிட்டுத் துன்னோம். செத்தா பூட்டோம்?"

பாறையை அரைத்து, சயனைட் விட்டுத் தங்கத்தை உறிஞ்சிய பிறகு மில்லிலிருந்து வெளியே தள்ளிய சக்கை அது. அந்த மேட்டின் நடுவில் ஒரு புல் முளைத்து நான் பார்த்ததில்லை. அறுபது வருஷம் அதன் எதிரிலேயே பல் துலக்கியும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. வேறு ஊர்க்காரன் எவனும் அதைத் தோட்டத்தில் கொட்டியிருக்க மாட்டான். எங்களுக்கு மட்டும்தான் அது வெறும் மண்.

அண்ணன் பேச்சைத் தட்ட மனசில்லாமல் பாதித் தோட்டத்தை எனக்கு விட்டாள். மறுபாதியில் சணப்பு விதைத்தாள்.

முதல் மழையிலேயே, மேட்டு மண் கலந்த என் பாதி சிமெண்ட் பூசியதுபோல் இறுகியது. காய்ந்ததும் சாம்பல் நிறத் தூசி கிளம்பி இலையெல்லாம் படிந்தது. புழு கூடு கட்டுவதற்கு முந்தைய வாரம், அதன் பசிக்கு எவ்வளவு இலை போட்டாலும் போதாது. வேறு வழியில்லாமல் என் பாதியிலிருந்தும் பறித்துப் போட்டாள். மூன்றே நாளில் அத்தனை புழுவும் செத்துப்போயிற்று. செத்த புழுக்களோடு அவள் தட்டுகளை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

அவள் பாதியில் சணப்பு இடுப்பு உயரம் வளர்ந்து, மஞ்சள் எட்டிப்பார்க்கும்போது உழவுக்குப் போனது. அடுத்த மழைக்கு அந்த மண்ணைக் கையில் அள்ளினேன். உதிர்ந்தது, உள்ளே மண்புழு நெளிந்தது. வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்!

என் பாதியில் கொட்டியதைச் சுரண்டி அள்ளினேன். எவ்வளவு அள்ளியும் சாம்பல் நிறம் போகவில்லை. நானே சணப்பு விதைத்தேன். கணுக்கால் உயரத்தில் வெளுத்துச் செத்தது. மறுபடி விதைத்தேன். மூன்றாவது முறை முழங்கால் வரை வந்ததும் ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்து காட்டினேன்.

"இத்த மடக்கி உழுதுடலாமா?"

செடியைப் பார்த்தாள். "வாணாண்ணா. அந்த விஷத்தக் குடிச்சி வளந்தது. புடுங்கி வெளிய போட்டுடு."

போன வாரமும் போனேன். தோட்டத்து வாசலில் ஒரு வாளித் தண்ணீர். இலை பறிக்கும் பெண்கள் செருப்போடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். என்னை மட்டும் தங்கை நிறுத்தினாள்.

"செருப்ப அங்கியே உட்டுட்டு, கால கழுவிட்டு வாண்ணா."

குனிந்து பார்த்தேன். குதிகால் வெடிப்பெல்லாம் ஊரிகத்துச் சாம்பல் தூசி. தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வாளியைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தேன்.

அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் போவலண்ணா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு வாளித் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.